புது வண்டியா, பாவித்த வண்டியா? வன்னியில் பார்த்த கணக்கு

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த மோட்டார் சைக்கிள் கடைகளின் கண்ணாடிக்குள் இப்போது வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னாலேயே லீசிங் கம்பனிப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பத்தாம் திகதி சம்பள நாளில் டவுனுக்கு இறங்கும் எவருடைய கையிலும் ஒரு துண்டுப் பிரசுரம் திணிக்கப்படுகிறது. அடையாள அட்டையும் கரண்ட் பில்லும் இரண்டு பிணையாளரும் இருந்தால் இன்றைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அதில் இருக்கிறது.

தோட்டத்து இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "சேர், புது வண்டி லீசிங்ல எடுக்கவா, இல்ல கைமாறின வண்டி ஒண்டு வாங்கவா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமது குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பாவித்த வண்டிதான் சரி. அதுவும் கைக்காசு கொடுத்து, புத்தகம் சொந்தப் பெயரில் வரும்படி. ஏழைக்குப் புது வண்டி எதற்கு என்று கேட்கும் ஆள் நானில்லை. அப்படிக் கேட்பவர்களோடு எனக்கு வேறு சண்டை இருக்கிறது. இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். முன்னால் போனவர்களும் வேறு யாரோ அல்லர், நமது உறவுகள்தான்.

1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டும், எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பசியோடு கிடந்தும், மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் என்று போனால் பேச்சிலேயே நம் ஆட்கள் என்று தெரிந்துவிடும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்திலும் அப்படியான குடியேற்றங்கள் பல. நம்மில் எத்தனையோ பேருக்கு ஒரு சித்தப்பாவோ ஒரு மாமியோ அங்கே இருக்கிறார்கள். இந்தச் செய்திமடல் அவர்கள் வீடுகளுக்கும் போகிறது. அதனால் நான் எழுதுவதில் பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

வன்னிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், கார்புரேட்டரில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை அந்த ஊர் வண்டிகள். ஹொண்டா எம்.டி. 90 ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெடியன்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். மனிதர், நெல் மூட்டை, நோயாளி என்று எல்லாவற்றையும் அந்த வண்டிகள் சுமந்தன. 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை உருட்டிக்கொண்டு போன வண்டிகளை அங்கேயே போட்டுவிட்டுச் சனம் வெறுங்கையோடு நடந்து வந்தது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், டிராக்டர் என்று துருப்பிடித்த குவியல்கள் வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததைப் படங்களிலாவது எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மெனிக் பாம் முகாமிலிருந்து தறப்பாளும் தகரமுமாகத் திரும்பி வந்த குடும்பத்துக்கு முதலில் தேவைப்பட்ட சாமான்களில் ஒன்று வண்டி. பஸ் ஓடும் வீதிக்கும் வீட்டுக்கும் நடுவே கிரவல் பாதை கிலோமீற்றர் கணக்கில் நீளும் ஊர் அது. ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம், வயல், கச்சேரி எல்லாம் ஒவ்வொரு திசையில். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியில் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். அந்த வீதியில் இறங்கி உள்ளே போக வேண்டிய தூரம் தனி. அங்கே மோட்டார் சைக்கிளை ஆடம்பரம் என்று சொல்பவர் ஒரு நாள் அங்கே நடந்து பார்க்கட்டும்.

அந்தத் தேவை எங்கே இருந்ததோ அங்கேதான் கம்பனிகள் வந்தன. 2010 க்குப் பிறகு ஏ-9 வீதியின் இரண்டு பக்கமும் வங்கிகளும் பினான்ஸ் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. வங்கிகள் காணி உறுதி கேட்டன, இரண்டு அரச உத்தியோகத்தரின் பிணை கேட்டன. மலையகத்திலிருந்து போய்க் குடியேறியவர்களில் பலருக்குக் காணிப் பத்திரமே சீராக இல்லை. உத்தியோகத்தில் இருக்கும் சொந்தக்காரரும் குறைவு. பினான்ஸ் கம்பனி உறுதி கேட்கவில்லை. வண்டியே ஈடு. பக்கத்து வீட்டுக்காரர் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும். வங்கிப் படியில் பத்துத் தரம் ஏறி இறங்கிய ஒரு மனிதனை "வாங்க ஐயா, இருங்க" என்று கதிரை போட்டு இருத்தினால் அவன் எங்கே போவான்? அந்தச் சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை.

ஆனால் அந்தக் கதிரையில் இருந்து கையெழுத்திட்ட தாளில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு கணக்குக்காக, புது வண்டி 5 இலட்சம் ரூபா என்று வைப்போம். முற்பணம் 1 இலட்சம். மீதி 4 இலட்சம் நாலு வருட லீசிங். கடைக்கார மகன் "வட்டி பதினெட்டு வீதம்தான் அண்ணே" என்பார். அவர் சொல்லும் பதினெட்டு, முழு நாலு இலட்சத்துக்கும் நாலு வருடமும் போடும் தட்டை வட்டி. வருடத்துக்கு 72,000, நாலு வருடத்துக்கு 288,000. எடுத்த கடனோடு கூட்டினால் 688,000. அதை 48 ஆல் பிரித்தால் மாதத் தவணை 14,333 ரூபா.

நீங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டு வரும்போது கடன் குறைய வேண்டும் அல்லவா? குறைந்த கடனுக்குத்தானே வட்டி? தட்டை வட்டியில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டாம் வருட முடிவில் பாதிக்கு மேல் திருப்பிக் கட்டியிருந்தாலும் வட்டி முதல் நாள் கடனுக்கே நிற்கும். சாதாரண தரத்துப் பிள்ளைகள் படிக்கும் குறைந்து செல்லும் மீதி முறையில் இதே தவணையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 30 வீதம். முதல் மாதம் கட்டும் 14,333 ரூபாவில் வட்டிக்குப் போவது 9,900 ரூபா அளவில். கடனில் கழிவது நாலாயிரத்துச் சொச்சம்தான். இருபத்தொன்பது தவணை, அதாவது 415,000 ரூபாவுக்கு மேல் கட்டிய பின்னரும் முதலில் இரண்டு இலட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். எடுத்ததே நாலு இலட்சம். முப்பதாவது மாதம் தடுமாறி விழுகிறவன் ஏன் வெறுங்கையோடு நிற்கிறான் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதை நமது செக்ரோலில் வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 1,242. அப்படியானால் ஒரு தவணைக்குப் பதினொன்றரை நாள் பெயர் போட வேண்டும். நாலு வருடத் தவணை முழுவதற்கும் 554 நாள். கொழுந்து நன்றாக வரும் மாதத்தில் இது தெரியாது. மழையில்லாத தை, மாசி மாதங்களில் பன்னிரண்டு பெயர்தான் விழுந்தது என்று வையுங்கள். கைக்கு வருவது 14,904 ரூபா. தவணை போக மிச்சம் 571 ரூபா. அதில்தான் அரிசி, மா, பிள்ளைக்குக் கொப்பி, லயத்து மரண வீட்டுக்கு ஐந்நூறு. சந்தாவைப் பற்றி நான் பேசவில்லை.

வன்னியிலும் பிரச்சினை இதேதான், உருவம் மட்டும் வேறு. வயலில் காசு வருவது காலபோகத்துக்கு ஒரு தரம், தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்துக்கு ஒரு தரம். கூலிக்குப் போகிறவருக்கும் அந்த இரண்டு காலத்தில்தான் வேலை நிறைய. லீசிங் தவணையோ மாதாமாதம் வரும். நெல்லுக்குப் போகம் உண்டு, தவணைக்குப் போகம் இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் பெருகிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வயல் போனது, கோழி ஆடு போனது. தவணைத் திகதி அப்படியே இருந்தது. 2020 இல் கொரோனாவுக்காகத் தவணைகளைச் சில மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நிறுத்திவைத்தது தவணையை மட்டும். வட்டி தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. 2022 இல் பெற்றோல் வரிசை. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். வண்டியில் மீன் பெட்டி கட்டி ஊர் ஊராகப் போகிறவருக்கு நாலு லீற்றர் எத்தனை நாளைக்கு? வண்டி வாசலில் நிற்கும்போதும் அதற்குத் தவணை கட்டத்தான் வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகனுக்கு வேலை கிடைத்து, புது வண்டி எடுத்தார்கள். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு தகப்பனுக்கு வருத்தம், மகனுக்கு வேலை நின்றது, மூன்று தவணை பிந்தியது. அக்காவின் தோட்டை அடகு வைத்து ஒன்றைக் கட்டினார்கள். அடுத்த மாதம் சந்தியில் வைத்து இரண்டு பேர் மறித்தார்கள். சீசிங்காரர். சாவியை வாங்கினார்கள், தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள். அந்தப் பையன் மழைக்கோட்டோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். பிறகு கணக்கு வந்தது. பிந்திய தவணை, தண்ட வட்டி, சீஸ் பண்ணிய கூலி, யார்டில் நிறுத்திய வாடகை, எல்லாம் கட்டினால்தான் வண்டி. கட்ட முடியவில்லை. வண்டி ஏலத்தில் போனது. அதோடு முடியவில்லை. ஏலத்தில் வந்த காசு போதவில்லை, மீதியைக் கட்டு என்று கடிதம் வந்தது. பையனுக்கு மட்டுமல்ல, பிணை வைத்த மாமாவுக்கும். அந்த மாமா மலையகத்தில் தோட்டத் தொழிலாளி. சம்பளத் துண்டு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிணையாளராகச் சேர்க்கப்பட்டவர். அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியிராதவர். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கலியாணத்துக்கும் போவதில்லை.

துண்டு என்றதும் எனக்கு இன்னொரு துண்டு நினைவுக்கு வருகிறது. நமது கொள்ளுத்தாத்தா காலத்தில், கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய துண்டு ஒன்று இருந்தது. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. புதுத் தோட்டத்துரை அந்தத் துண்டுக் காசைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் ஆளை மாற்றாமல் ஆளோடு சேர்ந்து தோட்டம் மாறும். 1921 இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். லீசிங்கும் அதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. லீசிங் நாமே போய்க் கையெழுத்திடுவது. ஆனால் நாலு வருடத்துக்கு ஒருவன் சம்பளம் குறைந்த வேலையை விட்டு வேறு வேலை தேடப் பயப்படுகிறான், வேலைநிறுத்தம் என்றால் "தவணை இருக்குது தோழர்" என்று தலையைச் சொறிகிறான். தொழிற்சங்கக்காரனாக இது என் கண்ணில் படாமல் இருக்குமா? கடனில் உள்ளவன் பெரட்டுக்களத்தில் வாய் திறக்க யோசிப்பான். துரைமாருக்கு இது நன்றாகவே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ்தான் லீசிங் நடக்கிறது. குத்தகை என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி கம்பனியுடையது. நீங்கள் குத்தகைக்கு ஓட்டுகிறீர்கள். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். அதனால்தான் முழுக் காப்புறுதியும் வருடாவருடம் உங்கள் செலவில் போடச் சொல்கிறார்கள். "என் வண்டி" என்று முன்னால் அம்மன் படம் ஒட்டலாம், புத்தகத்தில் அது உங்கள் வண்டி அல்ல.

இப்போது மற்றப் பக்கத்துக் கணக்கு. அதே குடும்பம், அதே 1 இலட்சம் முற்பணம் கையில் இருக்கிறது, மாதம் 14,333 கட்டும் சக்தியும் இருக்கிறது. கம்பனிக்குப் போகாமல் பதினொரு மாதம் அந்தக் காசைச் சீட்டிலோ வங்கிப் புத்தகத்திலோ போடட்டும். பதினொரு மாதத்தில் 157,663. முற்பணத்தோடு 257,663. அந்தக் காசுக்கு ஓடக்கூடிய ஒரு சி.டி. 100 ஐயோ ஸ்பிளெண்டரையோ தேடலாம். லீசிங்காரனுக்கு இன்னும் முப்பத்தேழு தவணை இருக்கும்போது இவருக்குக் கடன் இல்லை. முப்பத்தேழு தவணை என்றால் 530,321 ரூபா. பழைய வண்டி, செலவு வைக்கும் என்று மாதம் 3,000 ரூபா திருத்தவேலைக்கு ஒதுக்கினாலும் 111,000 தான் போகும். மிச்சம் 419,321 ரூபா வீட்டில். ஒரு பிள்ளை உயர்தரம் படிக்க, லயத்துக் கூரையைப் பார்க்க.

பதினொரு மாதம் யார் பொறுப்பது என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். பதினொரு மாதம் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போகும் செலவு இருக்கிறது. அது கணக்கில் வர வேண்டும். ஆனால் பதினொரு மாதம் சேமிக்க முடியாது என்று தெரிகிற குடும்பம், நாற்பத்தெட்டு மாதம் கட்ட முடியும் என்று எப்படி நம்புகிறது? இதை நான் கேட்டால் பையன்களுக்குக் கோபம் வருகிறது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய் யோசிக்கிறார்கள்.

கம்பனிக்காரர் வைக்கும் இன்னொரு வாதம் உண்டு. "வண்டி விலை ஏறிக்கொண்டுதானே போகும், நாலு வருடம் ஓட்டிவிட்டு வாங்கின விலைக்கு மேல் விற்கலாம்." 2020 க்கு முன்னர் வண்டி எடுத்தவர்களுக்கு அது உண்மையாகத்தான் நடந்தது. இறக்குமதி இல்லை, ரூபாயின் பெறுமதியும் விழுந்தது, பழைய வண்டி புது விலைக்கு மேல் போனது. அது தடைக்கால விலை. தடை நீங்கிய பிறகும் அதே மாதிரி ஏறும் என்று எண்ணிக் கையெழுத்திடக் கூடாது. நெல் விலை போன வருடம் ஏறியது என்று இந்த வருடம் கடனுக்கு வயல் குத்தகை எடுத்தவர்களைக் கேளுங்கள்.

புது வண்டியே கூடாது என்பதல்ல என் கட்சி. வண்டியே உழைக்கும் என்றால் கணக்கு வேறு. பால் சேர்க்கிறவர், மீன் விற்கிறவர், மரக்கறி ஏற்றுகிறவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். இரவு வேலை முடிந்து தனியே காட்டுப்பாதையில் வரும் ஆடைத்தொழிற்சாலைப் பெண்பிள்ளைக்கு, வழியில் நிற்கும் பழைய ஸ்கூட்டர் வெறும் செலவுப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. அப்படியானவர்கள் புது வண்டி எடுக்கட்டும். ஆனால் நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வருடத்திலேயே மோசமான மாதம் எதுவோ, அந்த மாத வருமானத்தில் கால்வாசிக்குள் தவணை அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கியிலோ சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்து செல்லும் வட்டிக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். சீதனத்துக்கு மாப்பிள்ளை புது வண்டி கேட்டான் என்று லீசிங் எடுக்கும் தகப்பன்மாருக்கு மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது. அந்த மாப்பிள்ளை நடந்து வரட்டும்.

பாவித்த வண்டியிலும் குழி இருக்கிறது. வன்னியில் பலர் விழுந்த குழி, ஓப்பன் பேப்பர். விற்றவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு. புத்தகத்தில் உள்ள ஆள் எங்கேயோ, செத்தாரோ இருக்கிறாரோ. வண்டி விபத்தில் பட்டாலோ பொலிஸ் மறித்தாலோ ஓட்டியவர் பாடு திண்டாட்டம். இன்னொரு குழி, லீசிங் முடியாத வண்டியை மலிவாகத் தள்ளிவிடுவது. மூன்று மாதம் கழித்து சீசிங்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்பார். நீங்கள் முழுக்காசும் கொடுத்தவர்தான், ஆனால் புத்தகத்தில் கம்பனி.

அதனால் புத்தகத்தின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோ கொப்பியைக் காட்டினால் காசை எடுக்காதீர்கள். முழு உரிமையாளர் இடத்தில் கம்பனிப் பெயர் இருந்தால் விடுவிப்புக் கடிதம் வந்து, அந்தப் பெயர் நீங்கிய பிறகு பேசலாம். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் தடவிப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சுரண்டிய அடையாளம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எத்தனை வருடம் நிலுவை என்று கேளுங்கள். காசு கொடுக்கும் அன்றே மாற்றப் படிவத்தை நிரப்பி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகும் வேலையைத் தொடங்குங்கள். வண்டியைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், விற்பவருக்குத் தெரிந்தவரை அல்ல. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்களே மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பாஸுக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபா வீண் செலவாகாது.

பிணைக் கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். ஆசிரியர் என்பதால் என்னிடம் பிணை கேட்டு வராத மாதமில்லை. கேட்பவர் எல்லோரும் நல்லவர்கள். நான் போடுவதில்லை. அதற்குப் பதிலாக அவர்களோடு இருந்து ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசித்துக் கொடுக்கிறேன். அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவேன், முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு குறையும், பிந்தினால் தண்டம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன கழிவு தாளில் இல்லையென்றால் அது கழிவே இல்லை.

இவையெல்லாம் தனித்தனிக் குடும்பம் செய்யக்கூடியவை. இதோடு நிறுத்தினால் தொழிற்சங்கம் எதற்கு? வன்னியில் பெண்கள் நுண்கடனால் பட்ட பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஆர்ப்பாட்டம் செய்தபோதுதான் கொழும்பு திரும்பிப் பார்த்தது. 2018 இல் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்ட முடியாமல் போன பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தார். நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்ற எல்லையும் வந்தது. 35 வீதமே எல்லை என்றால் அதற்கு முன்னால் என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2021 இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே பிரச்சினைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன்காரக் கம்பனி இனம் பார்ப்பதில்லை.

நமது சங்கம் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பஸ்ஸைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் கருத்து. காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஒழுங்காக ஒரு பஸ் தோட்டத்துக்குள் வந்தால், லீசிங் மேசைக்குப் போகும் பத்துப் பேரில் பாதிப்பேர் போகமாட்டார்கள். வன்னிக் குடியேற்றங்களுக்கும் அதுதான். பாதையும் பஸ்ஸும் கொடுக்காத அரசாங்கம் மக்களைக் கடன்பட்டு வண்டி வாங்கவைக்கிறது, பிறகு அந்த வண்டிக்கும் பெற்றோலுக்கும் வரி வாங்குகிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தோட்டங்களில் மறுபடி உயிர்ப்பிப்பதும் சங்கத்தின் வேலைதான். பத்துக் குடும்பம் சேர்ந்து மாதம் இரண்டாயிரம் போட்டால் மாதம் இருபதாயிரம். வருடத்தில் ஒரு வண்டியின் காசு. நமது பெண்கள் சீட்டுப் பிடிப்பதில் காட்டும் கண்டிப்பைப் பார்த்தால், அவர்களிடம் கொடுத்தாலே போதும் என்று தோன்றுகிறது.

ஏற்கனவே லீசிங்கில் இருப்பவர்களுக்கு. ஒரு தவணை பிந்தும் என்று தெரிந்த உடனே, பிந்துவதற்கு முன்னரே, கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் ரசீது வாங்குங்கள், வீட்டுக்கு வந்து காசு கேட்பவர் கையில் ரசீது இல்லாமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். வண்டியை எடுக்க வந்தால் அவர்களுடைய அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேட்டுப் பாருங்கள். கைகலப்புக்குப் போகாதீர்கள், மிரட்டினால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள். வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வண்டி போனால், அது எந்த நிலையில் போனது, மீற்றர் எவ்வளவு ஓடியிருந்தது என்று எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஏலக் கணக்குக் கேட்க அது உதவும். கம்பனி பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1935. முறையிடுவதற்கு முன் ஒப்பந்தம், ரசீதுகள், கம்பனிக்கு நீங்கள் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் கொப்பி எடுத்து ஒரு செட்டைச் சங்கக் காரியாலயத்தில் கொடுத்து வையுங்கள். லயத்தில் மழை ஒழுகினால் கடதாசி நனைந்துவிடும்.